பிட்ச்சில் முளைத்த செடி

அபுதாபிப் பாலைவனத்தின் ருவைஸில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு மைதானம் என்று பெயர் வைத்ததே நான்தான். முன்பு அங்கே லாரிகள் நின்றன. லாரிகள் போனதும் ஒட்டகங்கள் வந்து, மிச்சமிருந்த பச்சையையும் மேய்ந்து தீர்த்தன. ஒட்டகங்கள் ரோட்டுக்கு வந்துவிடுகின்றன என்று அவற்றை விரட்டிவிட்டுச் சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். வழுக்கைத் தலை மாதிரி இடம், இடைஞ்சலுக்கு ஒட்டகமும் இல்லை.

அடுத்த பிளாக் பையன்களும் அதன்மேல் கண் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மேட்ச், ஜெயிப்பவர்களுக்கு மைதானம், தோற்பவர்கள் கார் நிறுத்தும் இடத்தில் ஆடிக்கொள்ள வேண்டும் என்று பேச்சாயிற்று. எங்கள் அணியில் ஒரே பெண் நான். பந்து போட என்னை விட்டால் ஆளில்லை என்பது என் முடிவு. மற்றவர்கள் என் வாய்க்குப் பயந்து ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மணலில் பந்து எழும்பவில்லை. கம்பெனி ஆட்களுக்கான கேம்ப்பில் தங்கியிருந்த சித்தப்பா லீவு நாளில் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது முறையிட்டேன். அவர் மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்.

“இதெல்லாம் ஒரு விஷயமா பாப்பா? தண்ணி தெளிச்சுப் பலகையால அடிச்சா பிட்ச்சு சிமெண்டுத் தரையாட்டம் ஆயிடும்” என்றார்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தினமும் தெளித்தோம், அடித்தோம். குளிர்காலம் என்பதால் மழையும் இரண்டொரு தடவை எட்டிப் பார்த்தது. பிட்ச் இறுகவே இல்லை. அதற்குப் பதில் முளைத்தது! குண்டு இலைகளோடு பச்சைச் செடிகள், சரியாக ஸ்டம்புக்கு முன்னால். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தன.

மேட்ச் அன்று கடைசி விக்கெட். எதிர் கேப்டன் ஒரு பவுண்டரி அடித்தால் மைதானம் போயிற்று. நான் போட்ட பந்து, பிடுங்காமல் விட்ட ஒரு தூரில் பட்டுத் திரும்பி ஸ்டம்பைச் சாய்த்தது.

“செடில பட்டுச்சு, இது சீட்டிங்!” என்று கத்தினான்.

“செடி என்ன எங்க டீமா? கலாஸ், ஆட்டம் முடிஞ்சுது, நடையக் கட்டு” என்றேன்.

மைதானம் எங்களுடையதாயிற்று. அடுத்தடுத்த குளிர்காலங்களில் குண்டு இலைச் செடிகள் காய்ந்த இடங்களில் புல் தூர் கட்டியது. புல்லின் காலடியில் காற்று மணலைச் சேர்த்துக் குட்டி மேடுகள் எழுப்பியது. பல்லிகள் வந்தன, அவற்றைக் கொத்தப் பறவைகள் வந்தன. புதருக்குள் போன பந்து திரும்பவில்லை. கடைசியில் ஜெயித்த நாங்களும் கார் நிறுத்தும் இடத்துக்கே போய், தோற்றவர்களோடு சேர்ந்து ஆடினோம்.

எல்லாம் உங்கள் தண்ணீரால் வந்த வினை என்று சித்தப்பாவோடு சண்டை போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போன இடத்தில், பாலைவனத்தில் வெள்ளாமை செய்துவிட்டு வந்ததாகப் பெருமையே அடித்துக்கொண்டாராம். தண்ணீர் படாத வேலியோரமும் அதே அளவுக்குப் பச்சையாக இருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அந்த விதைகள் லாரிகளுக்கும் முன்பே அங்கே கிடந்தவை. மிதிப்பும் மேய்ச்சலும் நின்றால் போதும் என்று இருந்தன.

என் மைதானத்துக்குள் செடி புகுந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் புகார் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதன் வீட்டில் அது இல்லாத நேரத்தில்தான் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.