நாற்பதாவது அடி

படகுப் பந்தயத்தில் என்னை ஜெயிக்கிறவன் இந்தப் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் பிறக்கவில்லை. பொய்தான், விடுங்கள். நான் கலந்துகொண்டதே ஒரே ஒரு பந்தயம்தான். அதில் என்னை ஜெயித்தவன் எனக்கு மூன்று வருடம் முன்பே பிறந்துவிட்டான். என் பெரியம்மா மகன்.

நிஜப் படகு இல்லை. கருட சேவைத் திருவிழாக் கடையில் விற்கிற தகரப் படகு. உள்ளே எண்ணெய்த் திரியைக் கொளுத்தி வைத்தால் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். சூடேறியதும் பட்பட்டென்று கிளம்பும். கிளம்பினால் நிறுத்த வழியில்லை. அதுவும் என் படகு இல்லை, தங்கச்சியுடையது. கடை வாசலில் புரண்டு அழுது வாங்கியது. தோற்றவன் படகு ஜெயித்தவனுக்கு என்று பேசினபோது, இந்த விவரத்தை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. தங்கச்சியிடம் எதையுமே சொல்லவில்லை.

விதிமுறை அண்ணனுடையது. டிவியில் மோட்டார் படகுப் பந்தயம் பார்த்திருந்தான். அங்கே யாரும் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லையாம். பின்னாலிருந்தே ஓடி வந்து, கடிகாரம் சொல்லும் அந்த நொடியில் கோட்டைத் தாண்ட வேண்டுமாம்.

"முன்னாடி தாண்டுனா அவுட்டு. லேட்டா தாண்டுனா அடுத்தவன் பூடுவான். கரெக்டா தாண்டணும், புரிதா?"

"கடிகாரத்துக்கு எங்கடா போறது?"

அவன் கட்டியிருந்த வாட்சில் முள் நகராது. எனக்கு மணி பார்க்கவே தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருந்தது. ஆனால் நாற்பது வரை எண்ணுவேன். அதனால் எங்கள் வீட்டுத் தறியே கடிகாரம் என்று முடிவானது. மத்தியானம் சாப்பிட்டு அப்பா தறியில் உட்கார்ந்ததும், பலகை டக்கென்று இழையை அடிக்கிற முதல் அடியிலிருந்து எண்ண வேண்டும். நாற்பதாவது அடியில் படகு கோட்டில் இருக்க வேண்டும்.

சாதாரண நாளில் எங்கள் தறியை நம்பி யாரும் எதையும் எண்ண முடியாது. கரையை வேறு நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு, ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைப் போட வேண்டும். அது அம்மா. பத்து அடிக்கு ஒரு பேச்சு, பேச்சுக்கு ஒரு சண்டை, சண்டைக்கு ஒரு நிறுத்தம். ஆனால் அந்த இரண்டு நாளாக, எதற்கென்று தெரியாது, இருவருக்கும் பேச்சே இல்லை. தறி மட்டும் டக், டக்கென்று சீராக ஓடியது. அதை வைத்து ரகசியமாக ஒத்திகை பார்த்தேன். முப்பத்து நாலில் கையை எடுத்தால் படகு நாற்பதில் கோட்டுக்கு வந்துவிடும். பந்தயம் முடியும்வரை இவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்று தெருமுனைப் பிள்ளையாரிடம் தோப்புக்கரணம் போட்டு வேண்டிக்கொண்டேன்.

கொல்லைப்புறத்தில் பட்டு அலசுகிற நீளச் சிமென்ட் தொட்டி. அரக்கு நிறத் தண்ணீர். குறுக்கே கட்டிய கழிவு நூல்தான் கோடு. உள்ளே தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் அடி விழுந்ததும் திரியைக் கொளுத்தினோம்.

இருபது. இரண்டு படகும் கையில் துடித்தன. முப்பது. தங்கச்சி எழுந்து வந்துவிட்டால்? முப்பத்து நாலு. விட்டேன். அண்ணன் விடவில்லை, அவன் படகு வேகம், பிந்தி விட்டால் போதும். முப்பத்தைந்து. முப்பத்தாறு.

தறி நின்றுவிட்டது.

என் படகு நிற்குமா? பட்பட்டென்று நூலுக்கடியில் போயே போய்விட்டது.

"அவுட்டு!" என்றான் அண்ணன், தன் படகைக் கையில் பிடித்துக்கொண்டே. "முப்பத்தாறுல தாண்டிட்ட."

"தறி நின்னா நான் இன்னாடா பண்ணுவேன்?"

"கடிகாரம் நின்னா நீயும் நிக்கணும். எட்றா படக!"

வீட்டுக்குள் ஓடினேன். இழை அறுந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எதுவும் அறுந்திருக்கவில்லை. நாடா அம்மா மடியில் கிடந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினேன். "இன்னும் நாலே நாலு அடி அட்ச்சிட்டு சிரிச்சா இன்னாவாம்?"

அவ்வளவுதான், இருவரும் மறுபடி தொடங்கிவிட்டார்கள். அப்பா கண்ணைத் துடைத்தார். "ஒண்ணுமில்லபா, உங்கம்மா பேசிட்டா. நீ போய் வெளாடு."

பேசிட்டாளாம்! அதற்காக ஒரு மனுஷன் தறியை நிறுத்துவானா? கொல்லையில் அண்ணன் தங்கச்சியின் படகிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். அறையில் தங்கச்சி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டியது. சாயங்காலம்வரை தறி ஓடவே இல்லை. இப்படிப்பட்ட அப்பா அம்மா யாருக்கும் வாய்க்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த நாலு அடியை அடிக்காமல் விட்டது எவ்வளவு பெரிய...

"இன்னாங்க, கதை அளந்துக்கினே இருக்கிறீங்களே! தண்ணி லாரி போவப் போவுது, கொடத்த எட்த்துனு வாங்க!" என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்.

வந்துட்டேம்மா.