ஓவியத்தின் முதற்பிரதி

வெள்ளவத்தையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதுவரைக்கும் கேட்டவர் முகத்தில் மரியாதை இருக்கும். என்ன பாடம் என்று கேட்டு, ஓவியம் என்று நான் சொன்னதும் அந்த மரியாதை மெல்ல இறங்கத் தொடங்கும். "அதுக்கும் டிகிரி இருக்கோ?" என்பார்கள். பிறகு நான் மனம் நொந்துவிடக் கூடாதே என்று, "எங்கட பிள்ளையும் நல்லாக் கீறுவாள்" என்று ஆறுதல் சொல்வார்கள். இந்த ஆறுதலில்தான் என் கலை வாழ்க்கை இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

அப்பா அந்தக் கேள்விக்கே இடம் வைப்பதில்லை. "மகள் கம்பஸில" என்று சொல்லிவிட்டு, கதையைத் தம்பியின் கனடா வீட்டுக்குத் திருப்பிவிடுவார். நான் படம் கீறுகிறவள் என்று அவர் வாயில் இருந்து ஒருநாளும் வந்ததில்லை. என் படங்களில் ஒன்றையாவது நின்று பார்த்ததும் இல்லை. கண்காட்சி என்றால் அவருக்கு முழங்கால் நோகும். கலியாண வீடு என்றால் நோகாது. என்னிடம் இருந்து அவருக்கு வேண்டியது பேராசிரியர் பதவி ஒன்றுதான். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்வார்.

"நாளைக்கு நான் கண்ணை மூடினால் பேப்பரில போடுவினம். அதில 'பேராசிரியரின் அன்புத் தந்தை' எண்டு வந்தால் ஒரு வடிவு இருக்கு. 'சிரேஷ்ட விரிவுரையாளரின் தந்தை' எண்டால் ஆர் வாசிக்கப்போகினம்?"

பல்கலைக்கழகத்தின் எண்ணமும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே மனிதப் பிறவி எடுத்தவர் செய்யக்கூடிய உயர்ந்த காரியம் கட்டுரை எழுதுவது. கட்டுரை எழுத வராதவர்கள் படம் கீறுவார்கள். பதவியுயர்வுக்கு விண்ணப்பித்தபோது எங்கள் கலைப்பீடத்துக்குத் தலைவரான பீடாதிபதி, மிக நல்ல மனிதர், பொருளியல்காரர், என் ஓவியங்களின் புகைப்படங்களைப் புரட்டிவிட்டு, இவற்றுக்கு ஐ.எஸ்.பி.என். இலக்கம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இவை வெளிவந்தன என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். கடைசியில் பெரிய மனது வைத்து ஒரு வழி காட்டினார்கள். பொது இடத்தில் நான் தனிக் கண்காட்சி வைக்க வேண்டும். வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்து மதிப்பீட்டாளர் வருவார். என் முதன்மைப் படைப்பு என்று நான் குறித்துக் கொடுத்த படத்தை, அது சுவரில் தொங்கும்போது அவர் நேரில் பார்க்க வேண்டும். படம் சுவரில் இருந்தால் நான் பேராசிரியர். இல்லாவிட்டால், அடுத்த சுற்று வரும்போது எனக்கு ஓய்வு பெறும் வயதாகிவிடும்.

எந்தப் படம் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. எங்கள் ஃபிளாட்டின் மேற்கு ஜன்னலோரம் அப்பா சாரமும் பெனியனுமாகப் பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறார். மடியில் ஃபோன். எதிரே இரண்டு ஃபிளாட்டுகளுக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கடல். மொடலுக்கு ஆள் தேடும் சிரமம் இருக்கவில்லை. நான் கீறினாலும் கீறாவிட்டாலும் பின்னேரங்களில் அவர் அங்கேதான் இருப்பார். அந்தப் படத்துக்கான குறிப்பில், "நகர்ப்புற வெளியில் பிற்பகல் ஒளியின் நடத்தை" என்று எழுதியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் நெடுநாள் குப்பை கொட்டினால் இப்படி எழுத வரும். ஆனால் படம் நல்ல படம். நான் கீறியவற்றில் அது ஒன்றுதான் தேறும் என்று நினைக்கிறேன். அதை யாராவது ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்ற பேராசை எனக்கு இருந்தது. பதவியை விட அந்த ஆசைதான் பெரியது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

கொழும்பின் நல்ல கலைக்கூடங்களில் இடம் கிடைக்க அடுத்த பிறவி வரை காத்திருக்க வேண்டும். அப்போது கைகொடுத்தது நான் படித்த பாடசாலையின் பழைய மாணவிகள் சங்கம். அதன் செயலாளர் அக்கா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் அவர் கை படாத நூல் வெளியீட்டு விழா இல்லை. "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ, நாங்கள் எத்தினை செய்திட்டம்" என்றார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நூல் வெளியீடு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை இருக்கிறது. மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை. அதற்குப் பிறகு ஒரு முதலாளியை மேடைக்கு அழைத்து முதற்பிரதியைக் கொடுப்பார்கள். வண்ணத் தாளில் சுற்றி, ரிபன் கட்டி, புகைப்படக்காரர் போதும் என்று சொல்லும்வரை இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலாளி ஒரு கடித உறை கொடுப்பார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். வாசிப்பாரா என்று கேட்பது பண்பல்ல. ஓவியக் கண்காட்சிக்கு எங்களிடம் இப்படி ஒரு முறை இல்லாதபடியால், செயலாளர் அக்கா பழைய நிகழ்ச்சி நிரலை எடுத்து, நூல் என்று இருந்த இடத்தில் எல்லாம் ஓவியம் என்று மாற்றினார். முதற்பிரதி பெறுபவராகக் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவரைப் பிடித்திருந்தார். பெயின்ற் விற்கிறவர், ஆகவே பெயின்ரிங்குக்குப் பொருத்தம் என்பது கணக்கு. முதற்பிரதி என்று அவர்கள் சொன்னது கண்காட்சிக் கையேட்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபம் காலி வீதி என்கிற பெருந்தெருவில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில். சனம் நல்ல சனம். பட்டுச் சேலைகள் மேடையைப் பார்த்து இருந்தன. படங்கள் இரண்டு பக்கச் சுவர்களிலும் தொங்கின. மூன்று உரைகள் முடிந்தபோது, மேடைக்குக் கீழே இரண்டு பெண்கள் கதவளவு பொதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாள் முழுக்கப் பலூன்களும் பிறந்தநாள் வாழ்த்தும். அந்த அளவுக்குப் பெரிய தாள் அதில்தான் கிடைத்ததாம். முதலாளிக்கு ஏதோ பரிசு என்று நானும் கை தட்டினேன். பிறகுதான் வலதுபக்கச் சுவரைப் பார்த்தேன். ஆணி இருந்தது. குறிப்பு அட்டை இருந்தது. அப்பா இல்லை.

மேடையில் பொன்னாடையோடு இருக்கிறவள் எழும்பி ஓட முடியாது. பக்கத்தில் இருந்த செயலாளர் அக்காவின் காதில் சொன்னேன்.

"அக்கா, அது ஒண்டுதான் இருக்கு."

"முதற்பிரதி ஒண்டுதானே பிள்ளை இருக்கும்" என்றார் அவர், சிரித்த முகம் மாறாமல். "மிச்சப் பிரதியளை நாளைக்கு எடுக்கலாம்."

என்னுடைய ஏற்புரை கடைசியில். தலைவருக்கும், ஆசியுரை வழங்கிய ஐயாவுக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும் நான் வரிசை தவறாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த வாசலுக்கு வெளியே ஒரு சின்ன லொறியில் பலூன் பொதியை ஏற்றிக் கயிறு போட்டார்கள். முதலாளி எனக்குக் கை காட்டிவிட்டு முன் சீற்றில் ஏறினார். நான் அவருக்கும் நன்றி சொன்னேன். மதிப்பீட்டாளர் நாளை மறுநாள் வருவதாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். முதலாளி என்னைக் கண்டதும் எழும்பி நின்று வரவேற்றார். படம் அவர் மேசைக்கு மேலே, குழாய்க் கட்டுகளுக்கும் பெயின்ற் நிற அட்டைக்கும் நடுவில் மாட்டப்பட்டிருந்தது. அதில் பிளாஸ்ரிக் சந்தன மாலை. கீழே ஒரு சிவப்பு மின்குமிழ், அணைந்து அணைந்து எரிந்தது.

"ஐயா, இது என்ர அப்பா. அவர் உயிரோட இருக்கிறார்."

"நல்லா இருக்கட்டும்" என்றார் முதலாளி மனதார. "மாலை இல்லாமல் வயதான ஆளின்ர படத்தை வைச்சால், வாறவை எல்லாம் ஆர் எண்டு கேப்பினம். போட்டுவிட்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லை."

திருப்பித் தரும்படி கெஞ்சினேன். அவருக்கு உண்மையிலேயே முகம் வாடிவிட்டது. "மேடையில, சபைக்கு முன்னால வாங்கினது. திருப்பிக் குடுத்தால் எனக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் மரியாதை இல்லை. நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் வந்து பாருங்கோ, மிஸ். கடை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூட்டு." கோபிக்கவும் வழியில்லாமல் பிளேன்ரீ என்று பால் விடாத தேத்தண்ணியும் வரவழைத்தார்.

படம் சுவருக்கு வராவிட்டால் மதிப்பீட்டாளர் படத்துக்குப் போக வேண்டியதுதான். ஹார்ட்வெயார் கடை பொது இடம். படம் சுவரில் தொங்குகிறது. விதியில் ஓட்டை இல்லை. மதிப்பீட்டாளர் சிங்களவர், பின்னால் குடுமி கட்டிய பேராசிரியர். வெளிநாடுகளில் எல்லாம் அறை முழுக்கச் சாமான்களைப் பரப்பி, அதையே கலை என்று காட்டியவர். அவரை ஓட்டோவில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க என்ன பொய் சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. கடைக்குள் நுழைந்ததும் அவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்தார்.

"நியமயி!" என்றார். அருமை என்பதற்குச் சிங்களத்தில் அதற்கு மேல் சொல் இல்லை.

மாலையைப் படம் பிடித்தார். மின்குமிழைக் குந்தியிருந்து படம் பிடித்தார். பெயின்ற் நிற அட்டை அங்கே வைக்கப்பட்டது எவ்வளவு கூர்மையான தெரிவு என்றார். துக்கமும் வணிகமும் ஒரே ஆணியில் தொங்குகின்றன என்றார். சேர், மாலை என்னுடையது இல்லை, கடைக்காரர் போட்டது என்று நான் இரண்டு முறை சொன்னேன். அதுதான் விஷயமே, கலைஞர் தன் உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்று குறித்துக்கொண்டார். அப்பாவின் முகத்தை அவர் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மாலை அதில் பாதியை மறைத்திருந்தது. முதலாளி அவருக்கு ஒரு பெயின்ற் கலண்டர் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் நான் பேராசிரியர் ஆனேன். ஒரு பிளாஸ்ரிக் மாலைக்கும் சிவப்பு மின்குமிழுக்கும் கிடைத்த பதவி. வாழ்த்தியவர்கள் எல்லோரும் இனியாவது கட்டுரை எழுத நேரம் கிடைக்கும் என்றார்கள். அப்பா கனடாவுக்கும் தெஹிவளைச் சொந்தக்காரருக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னார். எதற்காகக் கிடைத்தது என்று அவரும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன? சந்தோஷத்துக்கு நடுவில் மட்டும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் படத்தை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த மாதமே கீழ்மாடியில் இருக்கும் ஒரு அன்ரி குழாய் வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் வெள்ளைச் சேலை கட்டி, முகத்தைச் சோகமாக்கி, எங்கள் கதவு மணியை அடித்தார். கதவைத் திறந்தவர் அப்பா. அன்ரிக்குத் தண்ணீர் கொடுத்து இருத்த வேண்டியதாகிவிட்டது. என்ன நடந்தது என்று விளங்கியதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எங்க அந்தக் கடை? கூட்டிக்கொண்டு போ."

முழங்கால் அன்றைக்கு நோகவில்லை.

கடைக்குள் அப்பா கால் வைத்ததும் காசுமேசையில் இருந்தவர் மேலே பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு எழும்பி நின்றுவிட்டார். முதலாளி ஓடி வந்து கதிரை போட்டு, தானே ஏணியில் ஏறி மாலையைக் கழற்றினார். குமிழையும் அணைத்தார். "ஐயா குறை நினைக்கக் கூடாது" என்றார். அப்பா கதிரையில் இருக்கவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று படத்தைப் பார்த்தார்.

நான் அவருடைய விமர்சனத்துக்குத் தயாரானேன். தலைமயிரை ஏன் இவ்வளவு வெள்ளையாக்கினாய் என்பார். பெனியனோடு என்னைச் சனத்துக்குக் காட்டினாயோ என்பார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். பிளேன்ரீ வந்தது. அவர் அதைக் கையில் வாங்கி, குடிக்காமல், பார்த்துக்கொண்டே நின்றார். யாரோ ஆணி கேட்டு வந்து, வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு படத்தை இவ்வளவு நேரம் ஒருவர் நின்று பார்த்து நான் கண்டதில்லை, என் மாணவர்கள் உட்பட.

"பிள்ளை" என்றார் அப்பா, திரும்பாமல். "நான் இவ்வளவு தனியவோ இருக்கிறன்?"

அதைக் கீறியவள் நான். கீறியபோது எனக்கு அது தெரியவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அப்பா" என்றேன்.