எல்லாருக்கும் ஒரே மோட்டார்

பாளையங்கோட்டையில் கார் ஓட்டும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பத்துக்கு மூன்று பேர் ரீபா டீச்சரிடம் கற்றதாகச் சொல்வார்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடமாக ஒரு வெள்ளைக் காரின் இடப்பக்கம் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து எங்களையெல்லாம் ரோட்டுக்கு அனுப்பியவர். வண்டிக்குள் அவர் வாயில் அதிகம் வரும் சொல் "பைய." கிளட்சை விட்டாலும் பைய, ஆக்சிலேட்டரை மிதித்தாலும் பைய.

யஹ்யாவிடம் மட்டும் அந்தச் சொல் பலிக்கவில்லை. மேலப்பாளையத்துக்காரர். சவூதியில், தம்மாமில் பதினோரு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்துவிட்டவர். அவர் ஆக்சிலேட்டரைத் தொட்டாலே கார் தவளை மாதிரி குதிக்கும். முருகன்குறிச்சியில் ஒருநாள் பால் வண்டிக்குப் பின்னால் அப்படிக் குதித்தபோது டீச்சர் பிரேக்கை அழுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, உங்க காலுக்கும் உங்களுக்கும் என்ன சண்டை?"

"காலு பழக்கமில்லக்கா. எனக்கு வெரலுதான் பழக்கம்."

"வெரலால எந்த ஊர்ல கார் ஓட்டுதாங்க?"

யஹ்யா பையைத் திறந்து காட்டினார். ஒன்றரை அடி நீளத்தில் ஒரு கார். ரிமோட்டில் ஓடுவது. தம்மாமில் வெள்ளிக்கிழமை தோறும் நண்பர்களோடு இதில் பந்தயம் விடுவாராம். இங்கே சேரன்மகாதேவி பக்கம் அவருடைய மாமா பீர் மைதீனுக்கு ஒரு ரைஸ்மில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள்.

"பொம்பளையாளு வரலாமா?"

"தாராளமா வாங்கக்கா."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோயிலுக்கு உடுத்திய பட்டுச்சேலையோடு டீச்சர் அங்கே போய் நின்றார். கூடவே அவர் கணவர் கிங்ஸ்லி. கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். கோயில் பாட்டுக்குழுவில் பேஸ் என்னும் அடிக்குரல் பாடுகிறவர், எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவர். களத்தில் பிளாஸ்டிக் குழாய்களைப் போட்டுப் பாதை வகுத்திருந்தார்கள். கார்கள் ஆயிரம் கொசு சேர்ந்தாற்போல் ரீங்கரித்து ஓடின. யஹ்யா துப்பாக்கி போலிருந்த ரிமோட்டை டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் விசையை ஒரு இழு இழுத்தார். கார் பாய்ந்தது. குழாயைத் தாண்டி, உமி மூட்டைகளில் போய் முட்டி, நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது.

"பைய, அக்கா!" என்றார் யஹ்யா.

பதினெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை யாரும் அவரிடம் சொன்னதில்லை. கிங்ஸ்லி சிரித்த சிரிப்பு மில்லுக்குள் எதிரொலித்தது.

"இது பிரஷ்லெஸ் மோட்டாருக்கா. படிக்கதுக்கு ஆகாது. எங்கிட்ட பழைய வண்டி ஒண்ணு கெடக்கு, பிரஷ் வச்சது. அதைத் தாரேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வீட்டு மிக்சியில கார்பன் தேஞ்சு போகும்லா? பிரஷ் மோட்டாருக்குள்ளயும் அதே கார்பன்தான். உரசி உரசித்தான் கரண்டை உள்ள குடுக்கும். அதான் சூடாகும், தேயும். பிரஷ்லெஸ்ல உரசுத சோலியே இல்ல. காந்தம்தான் சுத்தும், காயிலு அசையாது. எந்தக் காயிலுக்கு எப்பக் கரண்டு போகணும்னு ஒரு சின்ன போர்டு பாத்துக்கும். வேகமும் கூட, பேட்டரியும் ரொம்ப நேரம் நிக்கும்."

அப்படித்தான் அந்த மிக்சிக் கார் டீச்சர் வீட்டுக்கு வந்தது. அதிலிருந்த மோட்டார் தேய்ந்திருந்ததால் புதிது வாங்கினார்கள். புது மோட்டார் என்றால் கார்பன் உள்ளே சரியாகப் படிய வேண்டும். அதற்கு மோட்டாரைத் தண்ணீரில் முக்கி, குறைந்த கரண்டில் ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும் என்று யஹ்யா சொல்லிக் கொடுத்தார். டீச்சர் அதை எவர்சில்வர் தம்ளரில் செய்துவிட்டு, மோட்டாரைத் துடைக்க மாடிக்குப் போனார். கார்பன் கரைந்து கருத்த அந்தத் தண்ணீரைக் கடுங்காப்பி என்று நினைத்து கிங்ஸ்லி ஒரு மடக்குக் குடித்துவிட்டார். அன்று சாயங்காலப் பயிற்சியில் அவர் குரல் வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் கீழே போனதாகப் பாட்டுக்குழுவில் இன்றும் பேச்சு உண்டு.

ஆறு மாதத்தில் டீச்சர் நன்றாகவே ஓட்டினார். ஆனால் கடைசியாகத்தான் வந்தார். நேர்ப்பாதையில் பிரஷ்லெஸ் கார்கள் அவரைத் தாண்டிப் பறந்தன. "மிக்சி வருது, வழி விடுங்கவே" என்று கேலி வேறு. கொண்டை ஊசி வளைவில் மட்டும் கதை மாறும். அங்கே கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டும். மறுபடி புறப்படும்போது சல்லிசான பிரஷ்லெஸ் மோட்டார்கள் ஒரு கணம் திக்கும். காந்தம் எங்கே நிற்கிறது என்று அந்தச் சின்ன போர்டுக்கு உடனே பிடிபடாது. அந்த ஒரு கணத்தில் டீச்சரின் கார் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். பத்தடி போவதற்குள் மறுபடி எல்லாரும் தாண்டிவிடுவார்கள்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். மாதா மாதம் யாராவது இன்னும் பெரிய மோட்டார் கொண்டுவருகிறார்கள், அந்த மாதம் அவர்தான் ஜெயிக்கிறார். வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். பன்னிரண்டு பேர் ஏழாகிவிட்டார்கள்.

"ஒரு நாளைக்கு எல்லாரும் பிரஷ் மோட்டார்ல ஓட்டுவோம்," என்றார் டீச்சர். "ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, தொறக்க முடியாம சீல் வச்சது. சீட்டுக் குலுக்கி எடுத்துக்கிடுவோம்."

யஹ்யா ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் மாட்டு வண்டிக்கா. காலம் போச்சு."

"எல்லாருமே மாட்டு வண்டில போனா, எவன் நல்லா ஓட்டுதான்னு தெரிஞ்சு போகும்லா? அதுக்குப் பயமா?"

பீர் மைதீன் வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சரம்மா சொல்லுதது நியாயம்தாம்லே. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வைங்க."

டீச்சர் அந்த மூன்று வாரமும் பயிற்சி செய்தார். தான்தான் ஜெயிப்போம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி ஞாயிறு ஒருவர் வரவில்லை. திருச்செந்தூரில் மச்சினிக்குக் கல்யாணம். அவர் மில்லிலேயே வைத்துவிட்டுப் போன காரும், அவர் பங்கு மோட்டாரும் சும்மா இருந்தன. பீர் மைதீன் திரும்பிப் பார்த்தார். களத்தோரம் கருத்தையா நின்றுகொண்டிருந்தார். மில்லில் நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர், ஐம்பத்தைந்து வயதுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் கார் கவிழ்ந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பது அவர்தான். இரண்டு வருடமாக அதுதான் அவர் வேலை.

"கருத்தையா, நீரு ஓட்டும்வே."

"எனக்கெதுக்கு மொதலாளி..." என்றபடியே கருத்தையா ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

ஐந்து நிமிடப் பந்தயம். டீச்சர் முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டார். பின்னாலேயே யஹ்யா. கருத்தையா ஆகக் கடைசியில், நெல் துழாவுகிறவர் நடப்பது மாதிரி நிதானமாக. மூன்றாவது நிமிடத்தில்தான் விஷயம் எல்லாருக்கும் உறைத்தது. கவிழ்ந்த காரை நிமிர்த்த ஆளில்லை.

"கருத்தையா! ஏ கருத்தையா!" என்று பழக்கதோஷத்தில் யாரோ கத்தினார்கள்.

"நான் ஓட்டுதேம்லா," என்றார் கருத்தையா, கண்ணை எடுக்காமல்.

ஆளாளுக்கு வேட்டியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் ஓடினார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நாலு கார் பின்தங்கியது. யஹ்யாவின் கார் குழாயில் ஏறி இறங்கியபோது கருத்தையா அவரையும் தாண்டினார். இப்போது முன்னால் டீச்சர், பின்னால் கருத்தையா. கடைசிச் சுற்று. களத்தின் கிழக்கு மூலையில் கருத்தையா ஒவ்வொரு சுற்றிலும் அகலமாகச் சுற்றி வருவதைக் கவனித்திருந்தவர், தான் உள்ளே ஒட்டி வெட்டி இடைவெளியைக் கூட்டிவிடலாம் என்று விசையை இழுத்தார். பைய இழுக்கவில்லை. கார் துள்ளி, உருண்டு, மல்லாந்தது. டீச்சர் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடி நிமிர்த்துவதற்குள் இரண்டு கார்கள் போய்விட்டன.

கருத்தையா முதல், யஹ்யா இரண்டு, டீச்சர் மூன்று.

டீ குடிக்கும்போது டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் கேட்டேவிட்டார். "அந்த மூலைல மட்டும் ஏன் சுத்திப் போனீங்க?"

"அங்கன சிமெண்டு ஒரு வெரக்கடை தூக்கிக் கெடக்கு டீச்சரம்மா. எல்லா வண்டியும் அதுல தட்டித்தான் கவுழுது. உங்க வண்டியையே அங்கன பதினஞ்சு தடவ எடுத்திருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"யாரும் கேக்கலையே," என்றார் கருத்தையா. பொடி வைத்துப் பேசவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கிங்ஸ்லி பைக்கை ஓட்டிக்கொண்டே, "நீ சொன்ன மாதிரிதான நடந்துச்சு? மோட்டார் ஒண்ணாயிட்டா ஓட்டுத ஆளுதான் ஜெயிப்பான்னு சொன்ன" என்றார்.

"சொன்னேன். அது நானுன்னு நெனச்சுல்லா சொன்னேன்."

பேட்டைக்கு அருகில் வரும்போது டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு பிரஷ் பந்தயம் என்றாகிவிட்டது. நின்றுபோனவர்கள் திரும்பி வந்தார்கள், ஏழு பேர் பதினான்கானார்கள். யஹ்யாவின் மனைவி ஷம்ஸியாவும் ஓட்டுகிறார். அவர் வந்த இரண்டாம் மாதமே யஹ்யாவை முந்தினார். கார் நிமிர்த்தும் வேலையை முறை வைத்துச் செய்கிறார்கள். கருத்தையா அடுத்தும் இரண்டு தடவை ஜெயித்தார். ஏப்ரலில் டீச்சர் ஜெயித்தார், அன்று மில்லில் எல்லாருக்கும் அவர் கையால் அல்வா.

மற்ற ஞாயிறுகளில் டீச்சர் ஓட்டுவது என்ன என்று நினைக்கிறீர்கள்? பிரஷ்லெஸ்! திக்காத, விலை கூடிய வகை. மாட்டு வண்டிக்காக அத்தனை வாதாடியவர். "நியாயம் வேற, ஆசை வேற" என்கிறார். அதில் இதுவரை ஆறாவது இடத்துக்கு மேல் வந்ததில்லை.

போன மாதம் நானும் பார்க்கப் போயிருந்தேன். கருத்தையா அந்தப் பிரஷ்லெஸ் காரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக் கேட்டார். டீச்சர் கொடுத்தார். கருத்தையா விசையை இழுத்தார். கார் களத்தின் மண் சரிவில் ஏறி, சுவரைத் தாண்டி, பக்கத்து வயலுக்குள் போய்விட்டது. நட்டு இருபது நாள் ஆன பயிர். டீச்சரும் கருத்தையாவும் முழங்கால் சேற்றில் இறங்கித் தேட, கிங்ஸ்லி சுவரில் ஏறி நின்று, "இடது பக்கம்... இன்னும் இடது" என்று பேஸ் குரலில் வழி சொன்னார். அரைமணி நேரம் கழித்து அகப்பட்டது. கழுவித் துடைத்துப் பார்த்தார்கள். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர்தான் போய்விட்டது. புதுசுக்கு அன்று சாயங்காலமே ஆர்டர் போட்டாயிற்று.