ஓய்வு நாளில் பறித்த கீரை

மஸ்விங்கோ நகரத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் சாமிகளுக்குக் குறைவில்லை. வயலில் களை எடுக்க முச்சானெத்தாவுக்குத்தான் கிழமைகள் போதவில்லை. வியாழன் மூதாதையர்களின் நாள். அன்று மண்ணில் களைக்கொத்து பட்டால் மழை நின்றுவிடும் என்று ஊர்த்தலைவர் சிவேரோ ஆட்டை அபராதமாகப் பிடித்துக்கொண்டு போவார். வெள்ளி, வெள்ளை அங்கி போட்டு மரத்தடியில் ஜெபிக்கும் கொழுந்தனுக்கு. சனி, புருஷன் தாபெராவின் சபைக்கு. ஞாயிறு, அவள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு. புதனன்று விவசாய அதிகாரி வந்து, களையை உடனுக்குடன் எடுக்க வேண்டிய அவசியத்தைப் பொழுது சாயும்வரை விளக்குவார். நடுவில் எழுந்து போனால் விதை கிடையாது.

மிச்சம் திங்களும் செவ்வாயும். பாழாய்ப்போன மழை அந்த இரண்டு நாளையும் பார்த்துப் பார்த்துக் கொட்டியது. யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள். வாழ வந்த நாளிலிருந்து எல்லாருடைய நாளையும் மதித்தே பழகிவிட்டாள். இப்போது மக்காச்சோளம் முழங்கால் உயரம், களை இடுப்பு உயரம். இது போனால் பிள்ளைகளுக்குக் களி ஏது?

ஒரு வியாழன் காலை, கூடையோடு வயலில் இறங்கி வெறுங்கையால் பிடுங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் தலைவர் வேலியோரம் வந்து நின்றார். பின்னாலேயே தாபெராவும் கொழுந்தனும்.

"ஏம்மா, வியாழக்கிழமையும் அதுவுமா களையா எடுக்கற?"

"ஐயய்யோ, களையா? களிக்குத் தொட்டுக்கக் கீரை பறிக்கறேன் தலைவரே. கீரை பறிக்கறது எந்தக் காலத்துல வேலையாச்சு?"

தலைவர் மேலும் கீழும் தலையாட்டினார். வயலில் தானாக முளைக்கும் நல்வேளையையும் முளைக்கீரையையும் எந்த நாளும் பறிக்கலாம் என்பது மூதாதையர் வழக்கமேதான்.

தாபெரா தலையைச் சொறிந்தான். "வேதத்துலயும் இருக்கு. ஓய்வு நாள்ல சீஷர்கள் கதிரைக் கொய்து தின்னாங்களே."

"தின்னாங்க! அதான் விஷயம்," என்றான் கொழுந்தன் தடியை ஊன்றி. "பறிச்சத அன்னைக்கே தின்னுட்டா பாவமில்ல அண்ணி."

தீர்ப்பாகிவிட்டது. பறித்தது அத்தனையும் அன்றே தின்றாக வேண்டும், மூவரும் சாட்சி.

உச்சிப்பொழுதுக்குள் கால் வயல் சுத்தம். அதில் கீரை ஒரு பிடி. மீதியெல்லாம் கோரை, அருகம்புல், நாயுருவி. எல்லாவற்றையும் நிலக்கடலை அரைத்து ஊற்றி மூன்று பானைகளில் வேகவைத்தாள். சாட்சிகள் வந்து உட்கார்ந்தார்கள். வீடு தேடி வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது அந்த ஊரில் பெரும் அவமானம். பரிமாறியதை மறுப்பது அதைவிட அவமானம்.

"வெட்கப்படாம சாப்பிடுங்க. பானையில மிஞ்சினா பாவமாயிடும்," என்று அகப்பை அகப்பையாக வைத்தாள்.

தலைவர் கோரையை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பல்லிடுக்கிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு நாரை உருவினார். கொழுந்தன் கண்ணீரோடு ஜெபித்துவிட்டு அடுத்த வாயை வைத்தான். அவள் இரண்டாவது பானையை இறக்கினாள்.

"இன்னும் எவ்வளவும்மா பாக்கி?" என்றார் தலைவர் ஈனசுரத்தில்.

"முக்கால் வயல் இருக்கு தலைவரே. நாளைக்கு வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிறு. மூணு பேரும் தினம் வந்துடுங்க."

தலைவர் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு வியாழன்னு எவன் சொன்னான்? செவ்வாய்!"

"செவ்வாய்தான்," என்றான் தாபெரா.

"நாளைக்கும் செவ்வாய்தான் அண்ணி," என்றான் கொழுந்தன் அவசரமாக.

அவள் மூன்றாவது பானையின் மூடியைத் திறந்தாள். மூவரும் ஆளுக்கொரு களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வயலைப் பார்த்து ஓடினார்கள்.