உப்புப் பார்க்காத செபஸ்தியம்மா

தொண்ணூறாம் ஆண்டு கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியபோது கரையோரக் குருநகர்ச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது. அப்படி வந்தவர்களில் இரண்டு பேர் இணுவிலில் எங்கள் வீட்டு வளவுக்கு வந்து சேர்ந்தார்கள். நீக்கிலாப்பிள்ளை, அவருடைய மனைவி செபஸ்தியம்மா. ஒரு சைக்கிள், பாய்ச்சுருள் ஒன்று, மாதா படம், அடி கரிந்த ஒரு மண்சட்டி. ஒரு குடும்பம் முழுவதும் அந்தச் சைக்கிளின் கரியரில் அடங்கியிருந்தது.

என் அம்மா செல்வநாயகி சுத்த சைவம். வெள்ளிக்கிழமைச் சைவம் இல்லை. மீன்காரன் தெருவால் மணியடித்துக்கொண்டு போனால் படலையைச் சாத்துகிற சைவம். என் ஐயா இருந்த காலத்தில் புகையிலை உணத்திய கொட்டில் ஒன்று இப்போது வளவின் பின்பக்கம் சும்மா கிடந்தது. அதைக் காட்டி அம்மா சொன்னார்:

"இருங்கோ. வாடகை ஒண்டும் வேண்டாம். ஆனால் இந்த வளவுக்குள்ளை மீன், இறைச்சி, கருவாடு ஒண்டும் வரப்படாது. ஒருநாள் மணந்தாலும் அடுத்த நாள் வேறை இடம் பாக்கவேணும்."

கடலோடு பிறந்து வளர்ந்தவர்களிடம் இதைக் கேட்க அம்மாவுக்குத்தான் மனம் வரும். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் செபஸ்தியம்மா முகம் மாறவில்லை.

"ஓமம்மா," என்றார். "எனக்கு அது நல்லது."

நீக்கிலாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்களுக்கு ஒரே மகன். சிமியோன் என்று பெயர். அந்த வருடம் மாசியில் கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வரவில்லை. நேவி சுட்டது என்று ஒருவர் சொன்னாராம், காற்றில் கவிழ்ந்தது என்று இன்னொருவர். உடல் கரைக்கு வரவில்லை. அடக்கப் பூசை கேட்கவும் மனமில்லை, கேட்காமல் இருக்கவும் மனமில்லை. இவ்வளவும் நீக்கிலாப்பிள்ளை கிணற்றடியில் வைத்து என்னிடம் சொன்னது. செபஸ்தியம்மா இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். அடுப்பு மூட்டுவார், கூட்டுவார், செபமாலையைக் கையில் வைத்திருப்பார். அதை உருட்ட மாட்டார்.

"இண்டுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லைப் பிள்ளை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கத்தி அழுதாளெண்டால் நான் நிம்மதியாய் இருப்பன். என்னை ஏசினாலும் காணும். நான்தானே அவனை அண்டைக்குப் போகச் சொன்னனான். ஏசுறாளுமில்லை."

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். ஆறுதல் சொல்ல ஏதோ தொடங்கினேன். என் வாயில் வந்தது எதுவும் எனக்கே பிடிக்கவில்லை, நிறுத்திக்கொண்டேன்.

அந்த நாட்களில் அரசு பொருட்களுக்குத் தடை போட்டிருந்தது. சமையலெண்ணெய் மருந்துக்கும் கிடையாது. மண்ணெண்ணெய் இல்லை. கோதுமை மா வந்தால் ஊரே வரிசையில் நிற்கும். ஆனால் எங்கள் செம்மண் யாருடைய தடையையும் மதிக்கவில்லை. கத்தரி காய்த்தது, பூசணி படர்ந்தது, வாழை குலை தள்ளியது, மரவள்ளி கிழங்கு விட்டது. அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு கடகத்தில் மரக்கறி எடுத்துக் கொட்டில் வாசலில் வைப்பார். இதை வைத்து மீன்காரப் பெண் என்னத்தைச் சமைக்கப்போகிறாள் என்று அவருக்கு உள்ளூர ஒரு ஏளனம். அம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் எனக்குத் தெரியும்.

அம்மாவின் சமையல் கடவுளுக்குப் பயந்த சமையல். எல்லாம் தேங்காய்ப்பாலில் அவிந்து, குழைந்து, எது கத்தரி எது வாழை என்று தெரியாமல் அடங்கிப் போயிருக்கும். செபஸ்தியம்மா வேறு மாதிரி. கத்தரிக்காயைக் காம்போடு வைத்து நீளப் பிளந்து, மஞ்சளும் உப்பும் பிரட்டி வைப்பார். சட்டியில் சின்ன வெங்காயம், உள்ளி, கொஞ்சம் வெந்தயம், எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலின் தலைப்பால் ஒரு கரண்டி. பிறகு புளிக்கரைசலும் வறுத்த மிளகாய்த்தூளும். அது கொதித்து வரும்போது கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் படுக்க வைப்பார். அதன் பிறகு அகப்பை போடவே மாட்டார். பழந்துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி மறுபடி அடுப்பில் வைப்பார். கிண்டுவதெல்லாம் அவ்வளவுதான்.

"ஏன் சட்டியை ஆட்டுறீர்?" என்று அம்மா கேட்டார்.

"மீன் உடைஞ்சுபோகுமெல்லோ அம்மா," என்று சொல்லிவிட்டு, செபஸ்தியம்மா சட்டிக்குள் இருந்த கத்தரிக்காயைப் பார்த்தார். பிறகு இன்னொரு சுழற்றுச் சுழற்றினார்.

பூசணியைத் தோலோடு பெரிய துண்டாக வெட்டி இப்படித்தான் காய்ச்சினார். வாழைக்காயையும் இப்படித்தான். முருங்கையிலை என்றால், சட்டியை இறக்கி வைத்த பிறகு அந்தச் சூட்டில் ஒரு பிடி தூவி மூடிவிடுவார். எந்தக் காயும் உடையாது, எதற்கும் தன் ருசி போகாது. சோற்றோடும் தின்னலாம், அவித்த மரவள்ளிக் கிழங்கோடும் தின்னலாம். வயிறு நிறைந்துவிடும்.

முதல் நாள் நான் ஒரு கோப்பையில் வாங்கி வந்தேன். "எனக்கு வேண்டாம்," என்றார் அம்மா. நான் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் கோப்பையில் குழம்பு பாதியாகிவிட்டிருந்தது. விறகும் தட்டுப்பாடு என்ற சாட்டில் சில வாரங்களில் இரண்டு அடுப்பு ஒரு அடுப்பாகியது. எங்கள் பெரிய சட்டி செபஸ்தியம்மாவின் கைக்குப் போனது. ஒழுங்கையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் செய்முறை கேட்டு வந்தார்கள். "உள்ளதைப் போட்டு அவியுங்கோ, கிண்டாதேங்கோ," என்பார். வேறு விளக்கம் இல்லை. அவர்கள் போய்ச் செய்து பார்த்துவிட்டு, அந்த ருசி வரவில்லையே என்று மறுபடி வருவார்கள்.

இதில் அம்மாவுக்கு மிகப் பிடித்தது, செபஸ்தியம்மா உப்புப் பார்ப்பதில்லை என்பது. ஒரு துளியும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்க மாட்டார். "சுவாமிக்குப் படைக்கிறவை மாதிரியெல்லோ சமைக்கிறா," என்று அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எனக்குக் காரணம் தெரியும். ஒருநாள் ஊசிப்போன பாற்கறியைச் செபஸ்தியம்மா சோற்றில் விட்டுப் பாதி தின்றுவிட்டார். நான் மணத்தில் கண்டுபிடித்து ஓடிப்போய்த் தட்டைப் பறித்தேன்.

"செபஸ்தியக்கா, புளிச்சது தெரியேல்லையோ?"

"நாக்கிலை ஒண்டும் படுதில்லைப் பிள்ளை. கனநாள்."

"அப்ப எப்பிடிச் சமைக்கிறியள்?"

"கை தன்ரை பாட்டிலை போடுது."

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். குண்டு போடப் பொம்மர் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு பங்கருக்குள் இறங்குவார். அது போனதும் ஏறி வந்து அடுப்பை மூட்டுவார். பயந்ததாகவும் தெரியாது, தப்பியதில் சந்தோசப்பட்டதாகவும் தெரியாது. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான் ஆகியிருந்தோம். அதனால் அவரைப் பார்த்து யாரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை.

அடுத்த வருடக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. அப்போதுதான் நீக்கிலாப்பிள்ளை முதன்முதலாக ஒன்று கேட்டார்.

"இண்டைக்குக் கூழ் காய்ச்சன்."

ஒடியல் கூழ் கரையோரச் சனத்தின் சாப்பாடு. காய்ந்த பனங்கிழங்கை இடித்த மாவில், நண்டும் இறாலும் மீனும் போட்டுக் காய்ச்சுவது. செபஸ்தியம்மா எழுந்து மரக்கறிக் கூழ் வைத்தார். மணலில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டை, மரவள்ளி, பயத்தங்காய், ஒரு பிடி அரிசி. எல்லாம் அவிந்து வர, அரைத்த செத்தல் மிளகாயும் உள்ளியும். ஊறவைத்துக் கைப்புப் போகப் பிழிந்த ஒடியல் மாவைப் புளியில் கரைத்து ஊற்றினார். கூழ் தடித்தது. முருங்கையிலை பிடுங்குவதற்காகத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போனார். நீக்கிலாப்பிள்ளை அடுப்படியில் குந்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

கொட்டிலில் நாலு பேரும் இருந்தோம். பனையோலையில் மடித்த பிளாவில் செபஸ்தியம்மா ஊற்றித் தந்தார். வழக்கமாக அவர் கடைசியாகத்தான் சாப்பிடுவார். அன்று நீக்கிலாப்பிள்ளை விடவில்லை.

"நீயும் இரன். சூட்டோடை குடி."

செபஸ்தியம்மா இருந்து குடித்தார். நீக்கிலாப்பிள்ளை தன் பிளாவைத் தொடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்குப் பிளாவைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். மீன் தின்னாதவர்களுக்கு மீன் மணம் தெரியாது என்று நினைப்பவர்கள் அம்மாவைக் கண்டதில்லை. பிளாவைச் சரித்துப் பார்த்தார். ஓலை மடிப்பில் சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தலை. அதில் ஒரு கண்ணும் இருந்தது.

"செபஸ்தியம்மா, இதென்ன?"

செபஸ்தியம்மா எட்டிப் பார்த்தார். "நெத்தலிக் கருவாடு," என்றார். சந்தையில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"நீங்கள் வந்த அண்டைக்கே நான் சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீங்களம்மா."

"இவ்வளவு நாளும் இதைத்தான் போட்டு எங்களுக்குத் தந்தனீரோ? அதுதான் இந்த ருசியோ?"

"நான் போடேல்லையம்மா."

"பொழுது விடியச் சாமானைக் கட்டுங்கோ."

"அம்மா, மழை பெய்யுது," என்றேன்.

"நீ வாயை மூடு பத்மா."

"நான்தான் போட்டனான்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "அவளைப் பேசாதேங்கோ. சுன்னாகத்திலை வாங்கினது. இவள் இலை பிடுங்கப் போனாப்போலை போட்டன். இடிச்சுத் தூளாக்கித்தான் போட்டனான். ஒண்டு தப்பிட்டுது."

"தின்ன ஆசையெண்டால் வெளியிலை எங்கையாவது போய்த் தின்னுறதுதானே?"

"எனக்கில்லையம்மா. இவளுக்கு. மகன் போன நாளிலை இருந்து இவள் மீன் தொடேல்லை. கடலிலை கிடந்தவனை அதுகள்தானே திண்டிருக்கும் எண்டு ஒருக்காச் சொன்னவள். பிறகு அவன்ரை கதையே இல்லை. வாயிலை பட்டால் காறித் துப்புவாள், என்னைப் போட்டு அடிப்பாள் எண்டு நினைச்சன். அழுவாள் எண்டு நினைச்சன்."

நாங்கள் செபஸ்தியம்மாவைப் பார்த்தோம். அவருடைய பிளா வெறுமையாக இருந்தது.

"நான் குடிச்சிட்டன்," என்றார்.

அவர் ஒரு விரலை வாய்க்குள் விட்டு நாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தெரியேல்லை," என்றார். பிறகு மறுபடியும், "என்ரை பிள்ளையைத் திண்டது. நான் குடிச்சிட்டன். எனக்குத் தெரியேல்லையே. சிமியோன், எனக்குத் தெரியேல்லையேடா."

பிறகு அவரிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. மழைக்குள் எழும்பி ஓடிக் கிணற்றடியில் விழுந்து சத்தியெடுத்தார். அழுதார். கூழ் வெளியே வந்த பிறகும் அழுதார். நீக்கிலாப்பிள்ளை கொட்டில் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த மனிசன் மேல் எனக்குக் கோபம்தான். அவர் செய்தது சரி என்று யாரும் என்னிடம் சொல்ல வர வேண்டாம்.

அம்மா கிணற்றடிக்குப் போனார். வாளியில் அள்ளி முதலில் தன் வாயைக் கொப்பளித்தார், திரும்பத் திரும்ப. பிறகு அதே வாளியைச் செபஸ்தியம்மாவின் கையில் சரித்து ஊற்றினார். அவரும் கொப்பளித்தார். ஒருத்தி சுவாமிக்காக, ஒருத்தி பிள்ளைக்காக, இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு ஒரே நெத்தலியைத் துப்பினார்கள். செபஸ்தியம்மா மறுபடி குனிந்தபோது அம்மா அவருடைய நெற்றியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

விடியச் சாமான் கட்டும் கதையை அம்மா பிறகு எடுக்கவில்லை. பெரிய சட்டியை மட்டும் வேலிக்கு வெளியே கொண்டுபோய் உடைத்தார். மருதனார்மடத்தில் புதுச்சட்டி வாங்கினோம். தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர ஊரே வெளிக்கிட்டபோது அந்தச் சட்டியும் எங்களோடு வந்தது, அவர்கள் இருவரும் வந்தார்கள்.

ஆனால் அந்த மழைநாளுக்குப் பிறகு செபஸ்தியம்மாவின் சமையல் கெட்டுப்போனது. சட்டியைச் சுழற்றுவதெல்லாம் பழையபடிதான். உப்புப் போடப் போன கை இப்போது நடுவழியில் நிற்கும். யோசிப்பார். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கொஞ்சம் போடுவார், மறுபடி பார்ப்பார். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இடையில் திடீரென்று அடுப்படியிலேயே இருந்து அழுவார், கறி அடிப்பிடிக்கும். நீக்கிலாப்பிள்ளைக்கு நாள்தோறும் ஏச்சு விழும். ஒழுங்கைப் பெண்கள் செய்முறை கேட்டு வருவது நின்றுவிட்டது. கை விட்டுப்போச்சு என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் பூசணிக்காய்க் குழம்பு வாயில் வைக்க முடியாத கரிப்பு. நான் சோற்றைக் கூட்டிப் பிசைந்து சமாளித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது.

"செபஸ்தியம்மா, இண்டைக்கு உப்புக் கூடிப்போச்சு."

செபஸ்தியம்மா தன் தட்டில் இருந்து இன்னொரு வாய் எடுத்து, மெல்ல மென்று விழுங்கினார்.

"ஓமம்மா," என்றார். "எனக்கும் தெரியுது."