இலத்திரனைக் காட்டப் படுவான்கரைக்குப் போன கதை

பௌதிகம் படிப்பிக்கிறதெண்டா, கண்ணுக்குத் தெரியாத சாமானைக் கண்ட மாதிரிச் சத்தியம் பண்ணுற வேலை. அதைச் சண்டைக்குள்ள செய்த ஆக்களுக்கு என்ட பாடு விளங்கும். என்ட பேரப்பிள்ளையள் நம்புறாங்க இல்ல. அப்ப வாவிக்கு அங்கால படுவான்கரைப் பிள்ளையளுக்குச் சோதினை கிட்டிற்று. ஒளி பட்டா உலோகத்தில இருந்து இலத்திரன் கிளம்புறதை அதுகள் ஒருநாளும் கண்டதில்ல. என்னட்ட இருந்தது விரல் நீள மக்னீசியம் நாடா. ஒருக்காத்தான் எரியும்.

சீப்பு

தோணித் துறையடியில சாமான் சோதிக்கிற ஆமிக்காரன் என்ட பிஸ்கட் டின்னைத் திறந்தான். அது மச்சாள் குவைத்தில இருந்து அனுப்பினது. அவ போனதே பெரிய கதை, அங்க ஆட்டுக்கும் ஏசி போடுறாங்களெண்டு எழுதினவ. சரி, விசயத்துக்கு வாறன். உள்ளுக்க கண்ணாடிப் போத்தல், அதுக்குள்ள தொங்குற மெல்லிய பொன்னிலை, கம்பி, பழைய டோர்ச் பற்றரியில உரிச்ச துத்தநாகத் தகடு. பற்றரி கொண்டுபோகவே தடை இருந்த காலம். அவன் குண்டெண்டு நினைச்சுப் பின்னால துள்ளினான். வரிசையில நிண்ட எல்லாரும் குந்திற்றாங்க.

என்னோட வந்த ரசாயன டீச்சர் ரஞ்சிதான் தலையைச் சீவி, சீப்பைத் தகட்டில தொட்டுக் காட்டினா. சீப்பில ஏறின மின்னேற்றத்தில இலை எழும்பிச்சு. ஆமிக்காரன்ட முகம் வெளிறிற்று. டின்னைத் தந்துட்டு, சீப்பைப் பறிச்சு வெச்சிற்றான். நாடா என்ட கொண்டைக்குள்ள ஊசியோட ஊசியாக் கிடந்தது. தோணிக்காரக் கந்தண்ணன் மெல்லமாச் சொன்னார்: "தலை சீவினதுக்கே இவன் இப்பிடி நடுங்கிறான் டீச்சர், பாடத்தைக் கேட்டா என்ன ஆவான்?"

ரெண்டு கை

நடுக்கம் போகட்டும் எண்டு தோணியில ரஞ்சிக்கு நான் வாசிச்ச ஒரு புதுச் சேதியைச் சொன்னன். ரெண்டு கையையும் கொஞ்சம் தள்ளி வெச்சு வாவித் தண்ணியைத் தட்டினன். ரெண்டு அலையும் சந்திச்சு, ஒரு இடம் எழும்ப, ஒரு இடம் அடங்கிப் போச்சு. அந்தக் கோலத்தைப் பாத்தாலே கை ரெண்டும் எவ்வளவு தூரத்தில இருந்ததெண்டு கணிக்கலாம்.

"மூலக்கூறும் இப்பிடித்தான்கா. ஒளி பட்டு வெளிய வாற ஒரே இலத்திரன், ரெண்டு அணுவில இருந்தும் ஒண்டா அலையாக் கிளம்புது. அந்த அலைகள் சந்திக்கிற கோலத்தை வெச்சு, அது குடியிருந்த கூடு, அதான் ஒபிற்றல், என்ன வடிவமெண்டு கண்டுபிடிக்கிறாங்க."

ரஞ்சி வாயில கை வெச்சா. "ஒரு ஆளுக்கு ரெண்டு வழியா? இஞ்ச எங்களுக்கு ஒரு வழியே திறக்குதில்லயேகா."

வெள்ளை வெளிச்சம்

வகுப்பில முதல்ல தகட்டைப் பளபளக்கத் தேச்சன். தகட்டைப் பளபளக்கத் தேச்சன். மறுகா நாடாவைக் குறட்டால பிடிச்சுக் கொளுத்தினன். எனக்கு அது மக்னீசியம். அதுகளுக்கு வெள்ளை வெளிச்சம் எண்டா அடுத்தது செல் குண்டு வந்து விழும். நான் அதை யோசிக்கல்ல. ஒரு சத்தமில்ல, முழு வகுப்பும் வாங்குக்குக் கீழ கிடந்தது. ரஞ்சியும்தான். என்ட முழங்காலும் என்னைக் கேக்காம மடங்கிற்று, குறடு பிடிச்ச கை மட்டும் மேசைக்கு மேல.

நாடா சாம்பலாப் போச்சு. இலையை ஆருமே காணல்ல எண்டுதான் நினைச்சன். முன் வாங்குக்கு அடியில மலர் எண்ட பிள்ளை கிடந்தா. படுத்தபடியே மேசையில இருந்த போத்தல்ல வெச்ச கண்ணை எடுக்கல்ல.

"நான் பாத்தன் டீச்சர். நாங்க விழுந்தாப் பிறகுதான் இலை விழுந்தது."

ஒளியை விட வேகமா ஒண்டும் போகாதெண்டுதான் நான் கடைசி மட்டும் படிப்பிச்சன், அந்தப் படுவான்கரை வகுப்பை மட்டும் கணக்கில சேக்காம.