கோமதியிடம் பேச வேண்டும் என்றவர்

ஹைதராபாத் மெட்டுகுடாவிலிருந்து சரோஜா அக்காவின் தம்பி கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். நம் மனநல ஆலோசனை மையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் அங்கே வேலை பார்த்தது ஹைதராபாத்தில் கால் சென்டர்கள் பெருகிய வருடங்களில். அவற்றில் வேலை பார்க்கும் இளவயதுப் பிள்ளைகள் ஏன் நம்மைத் தேடி வருகிறார்கள் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். "பயந்துபோய் வர்றாங்கன்னு நினைக்கிறியா? நக்கோ, அதெல்லாம் இல்ல. அவங்க மாறிப்போனது வீட்ல யாருக்குமே தெரியல. அதான் வர்றாங்க" என்றார்.

கோமதி அப்படித்தான் வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். திருநெல்வேலிப் பெண். இரவெல்லாம் அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் நான்சி என்ற பெயரில் பேசுகிற வேலை.

"பகல்ல படுத்தா ரூமுக்குள்ள நான்சி பேசுதா மேடம். அதுகூடப் பரவால்ல. எங்கம்மா போன் பண்ணாலும் அவதான் பேசுதா. அம்மாவுக்கு வித்தியாசமே தெரியல."

தனியாகத் தூங்க முடியவில்லை என்று அவள் சொன்னதால், ஒரு மதியம் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனார். வெளிச்சம் வராதபடி ஜன்னலில் கறுப்புத் துணி. அவள் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் திறந்திருந்தன, எங்களைப் பார்க்கவில்லை. அதுவரை நான் கேட்டிராத ஓர் இனிய ஆங்கிலக் குரல், தான் நான்சி என்றது. என்ன உதவி வேண்டும் என்று கேட்டது.

அக்கா தமிழில் சொன்னார்: "எனக்கு கோமதிகிட்ட பேசணும்."

"கொஞ்சம் காத்திருங்கள்" என்றது குரல், ஆங்கிலத்திலேயே. பிறகு ஒன்றுமில்லை. அவள் இமைக்கவும் இல்லை. நான் எழப்போனேன், அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த அறையில் நான்காவதாக யாரோ இருப்பதுபோல் இருந்தது.

கடைசியில், "யாரு?" என்றாள் அவள். திருநெல்வேலிக் குரல்.

"சரோஜாம்மா. இங்கதான் இருக்கேன்."

கோமதி அழத் தொடங்கினாள்.

அன்று மாலை அவளே ஊருக்குப் போன் போட்டாள். "எனக்கு முடியலம்மா, வா" என்றாள். அம்மா ரயிலேறி வந்தார். டாக்டரின் மருந்தும் பகல்நேர வேலையுமாக மெல்லத் தேறினாள். அந்தக் குரல் பிறகு வரவில்லை.

அன்று மதியம் அந்த வீட்டுப் படியிறங்கும்போது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"உங்களுக்குப் பயமா இல்லையா அக்கா?"

"ஹவ், இல்லாமயா? காலு எப்படி நடுங்குது பாரு. நாம எந்திரிச்சுப் போயிருந்தா, அவ யாருகிட்ட திரும்பி வருவா?"

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்: கால் நடுங்கும்போதும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது.